நலன்புரியும் நன்றிக்கடனும்: பெண் தொழிலாளர் குறித்த ஓர் அறவியல் வினா

'நலன்புரி' என்னும் சொல் நம் நாட்டுத் தொழிற்சட்டங்களிலும் தொழிற்சங்க அறிக்கைகளிலும் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளிலும் ஒருங்கே வழங்கி வருகின்றது. தொழிலாளியும் முதலாளியும் அரசும் ஒரே சொல்லைத் தயக்கமின்றிக் கையாளுதல் அரிது. அவ்வாறு கையாளுமிடத்து அவர்கள் ஒரே பொருளைத்தான் கருதுகின்றனரா என்று ஐயுறுவது மாணவர் கடன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா, ஆடைத் தொழிற்சாலையின் காலையுணவு, மகப்பேற்று விடுமுறை, இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்கான பேருந்து, ஓய்வறை, மலசலகூடம் ஆகிய யாவும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இவை போதுமா, போதாவா என்பது பொருளியலாளரும் தொழிற்சங்கத்தாரும் பேசும் வினா. இக்கட்டுரை அதற்கு முந்திய வினா ஒன்றை எடுத்துக்கொள்கின்றது. இவற்றைச் செய்பவர் செய்வது கொடையா, கைம்மாறா, கடனா? இவற்றைப் பெறும் பெண் நன்றி செலுத்த வேண்டியவளா, கணக்குக் கேட்க வேண்டியவளா?

திருக்குறளின் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டு அதிகாரங்களும் (22, 23) அடுத்தடுத்து அமைந்துள்ளன. உலகநடை அறிந்து பிறர்க்கு உதவும் கடப்பாடு ஒன்று. வறியவர்க்கு வழங்குதல் மற்றொன்று. இரண்டிலும் கொடுப்பவனே எழுவாயாக நிற்கின்றான். அவனது உள்ளத்துச் செம்மையே ஆங்கு பேசப்படுகின்றது. பெறுபவர் எவ்வாறு வறியவரானார் என்ற வினா ஆங்கு எழுவதில்லை. எழவேண்டிய இடமும் அதுவன்று. ஆயின் தொழிற்சாலையில் நிலைமை வேறு. அங்கே காலையுணவு கொடுப்பவரும், காலையில் உண்டுவர இயலாத அளவுக்கு அவளது கூலியையும் வேலைநேரத்தையும் வரையறுப்பவரும் ஒருவரே. ஒரு கையாற் குறைத்ததை மறு கையால் வழங்குதல் ஈகை ஆகாது. குறளிற் பொருத்தமான அதிகாரம் தேடுவோமாயின், அது பொருட்பாலிலுள்ள செங்கோன்மையாகவே (55) இருத்தல் கூடும். முறைசெய்யும் மன்னனைக் குடிகள் போற்றலாம். ஆயினும் முறை செய்ததற்காக அவனுக்கு அவர்கள் கடன்பட்டவராகார்.

இங்கே நல்லெண்ணம் படைத்த முதலாளிகள் இருந்ததில்லையா என்று கேட்கப்படலாம். இருந்தனர். ஸ்கொட்லாந்தில் நியூ லனார்க் என்னுமிடத்துப் பஞ்சாலையை 1800 முதல் நடத்திய றொபேட் ஓவன் அவர்களுள் முதன்மையானவர். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அவர் ஆலையில் அமர்த்த மறுத்தார். 1816 இல் தொழிலாளரின் சிறு பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். வேலைநேரத்தைக் குறைத்தார். ஆலை இலாபமும் ஈட்டியது. ஐரோப்பாவெங்கணுமிருந்து பெருமக்கள் அதனைப் பார்க்க வந்தனர். ஆயினும் அம்மக்கள் தம் தயவிலேயே தங்கிநின்றனர் என்பதனைப் பின்னாளில் ஓவனே உணர்ந்து எழுதினார். அவரை விடுத்து வேறொருவர் ஆலைக்கு உரித்தாளியாகியிருந்தால் அப்பாடசாலை மறுநாளே மூடப்படலாம். அதனைத் தடுக்க ஒரு தாய்க்கு எவ்வழியும் இருந்திராது. கொடையின் குறை கொடுப்பவனின் குணத்தில் இல்லை. கொடாதொழியும் உரிமை என்றும் அவனிடமே இருக்கின்றது என்பதில்தான் உள்ளது.

இவ்வுண்மை இலங்கையில் மலையகத்திற் போல் வேறெங்கும் இத்துணை நீண்டகாலம் நின்று நிலவியதில்லை எனலாம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப்பயிராக நாட்டினார். 1869 முதற் பரவிய நோய் கோப்பிப் பயிரை அழித்தது. அதன்பின் மலைச்சாரல்கள் தேயிலையாயின. கோப்பி பருவத்துக்குப் பழம் தருவது. தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. எனவே வந்து போகும் ஆண்களின் உழைப்புப் போதாதாயிற்று. குடும்பமாக நிலைத்திருக்கும் பெண்களின் உழைப்பு வேண்டப்பட்டது. லயன், பிள்ளைக்காம்பரா, தோட்ட வைத்தியசாலை, தோட்டப் பாடசாலை ஆகிய யாவும் இத்தேவையோடு ஒட்டிப் பிறந்தவை. தாய் மலைக்குச் செல்லவேண்டுமாயின் பிள்ளையை யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்காம்பராவின் வரலாறு இவ்வளவே. அதனை இரக்கத்தின் வரலாறாக எழுதுவோர் தேயிலைச் செடியின் இயல்பை மறந்து எழுதுகின்றனர்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. சுதந்திர இலங்கையில் இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் குடிகளின் உரிமையாக வளர்ந்துகொண்டிருந்த அதே காலப்பகுதியில், தோட்டத்துப் பெண் அவற்றைத் துரையின் கையிலிருந்து பெற்றுக்கொண்டிருந்தாள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கும் பணி அதன் பின்னரும் இழுபட்டது. தோட்டங்களின் நிருவாகம் 1992 இல் தனியார் கம்பனிகளிடம் சென்றபோது, வீடமைப்பும் பிள்ளைப் பராமரிப்பும் அரசு, கம்பனி, தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த ஒரு நம்பிக்கைப் பொறுப்பின் கீழ் வந்தன. குடியுரிமை மறுக்கப்பட்டவர் அனைவருக்கும் அது முழுமையாகக் கிட்டியது 2003 ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே. கூர்ந்து நோக்கின், உரிமை மறுக்கப்பட்ட இடத்திலேயே நலன்புரி செழித்திருப்பதைக் காணலாம். கண்டியில் வாழ்ந்த ஒரு தாய் அரச மருத்துவமனைத் தாதியோடு வாதாட முடிந்தது. பத்துக் கல் தொலைவில் லயனில் வாழ்ந்த தாய் தோட்ட மருந்துச்சாலையில் வாதாடினால், அச்செய்தி பெரட்டுக்களம் வரை சென்றுவிடும்.

என் தாயார் கொழுந்து பறிப்பவர். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா திருத்திக் கட்டப்பட்டது. திறப்புவிழாவன்று தாய்மார் கூடையோடு வரிசையில் நிறுத்தப்பட்டனர். துரைக்கு மாலை சூட்டப்பட்டது. அன்று மலைக்குப் போகாத அரைநாளுக்குப் 'பெயர்' வெட்டப்படமாட்டாது என்பதும் ஓர் உதவியாக ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. வீடு திரும்பிய அம்மா கூடையை இறக்கி வைத்தபடி, "கொழுந்துக் காசுலதானே கட்டுனாங்க" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசியதில்லை. அவருடைய அவ்வொரு வாக்கியம், 'கைம்மாறு' என்ற இரண்டாவது விளக்கத்துக்கு நம்மை இட்டுச் செல்கின்றது.

நலன்புரி என்பது கூலியின் ஒரு பகுதியே; பணமாகத் தராது பொருளாகவும் பணியாகவும் தரப்படுவது; ஆகவே அது உழைப்புக்கான விலை என்பது இவ்விளக்கம். கொடைக் கோட்பாட்டை விட இது நேர்மையானது. நன்றி வேண்டாதது. தொழிற்சங்கங்களும் பெரும்பாலும் இதனையே ஏற்றுப் பேசிவந்துள்ளன. ஆயினும் இதிலும் ஓர் இடர் உண்டு. விலை என்பது பொருளின் பயனைப் பொறுத்தது. பயன் குன்றும்போது விலையும் குன்றும். ஆனால் தொழிலாளிப் பெண்ணுக்கு நலன்புரி மிகுதியும் வேண்டப்படுவது அவளது உழைப்பின் பயன் குன்றிய பொழுதுகளிலேயே: கருவுற்றிருக்கையில், பிள்ளை பெற்ற கிழமைகளில், கண்மங்கித் தையல் பிடிபடாத வயதில், கூடை சுமந்து முதுகு வளைந்த காலத்தில். விலைக்கணக்கு மட்டுமே அறமாயின் அப்பொழுதுகளில் அவளுக்கு ஒன்றும் வழங்கவேண்டியதில்லை. விலையுடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், ஈடில்லாததற்கே மாண்பு உண்டு என்று 1785 இல் இம்மானுவேல் காண்ட் செய்த பகுப்பு இவ்விடத்துப் பயன்படுகின்றது. கர்ப்பிணிக்கு ஈடாக வேறொரு பெண்ணைப் பொறியின் முன் அமர்த்துதல் கூடும். பொறிக்கு அது போதும். விலகி நிற்பவளுக்கு அது போதுமா என்பதை விலைக்கணக்கு கேட்பதேயில்லை.

எனவே மகப்பேற்று நன்மை போன்றவற்றைக் கடன், அதாவது உரிமையின் மறுபக்கம், என்றே கொள்ளல் வேண்டும். 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் இதனை ஓரளவு ஏற்றுக்கொண்டது. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நெடுங்காலமாக முதலிரு பிள்ளைகளின் பேற்றுக்கு 84 நாளும் மூன்றாவது பிள்ளை முதலாக 42 நாளுமே வழங்கப்பட்டு வந்தன. மூன்றாவது பேற்றில் தாயின் உடல் பாதி வேகத்திலா தேறுகின்றது? குடித்தொகைக் கொள்கை தாயின் படுக்கையருகே வந்து நின்ற விதம் இது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் இவ்வேறுபாடு நீக்கப்பட்டது. நீக்குவதற்கு இத்துணைக் காலம் சென்றமையே, இதனைப் பலர் உரிமையாக அன்றிச் சலுகையாகவே எண்ணியிருந்தனர் என்பதைக் காட்டப் போதுமானது.

கடன் என்றால் யாருடைய கடன் என்ற வினா உடனே எழுகின்றது. நம் சட்டத்தில் மகப்பேற்று நன்மையின் செலவு அப்பெண்ணை வேலைக்கு அமர்த்திய தொழில்தருநரையே சாரும். மேலோட்டமாக நோக்குமிடத்து இது நீதியாகவே தோன்றும். ஆனால் ஆட்சேர்ப்பு மேசையின் முன் இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியும் அதே வயது ஆணொருவனும் நிற்பதாகக் கொள்வோம். சட்டம் அவளுக்கு அளித்துள்ள பாதுகாப்பு முழுதும் அவ்வேளையில் அவளுடைய விலைச்சீட்டில் ஏறிவிடுகின்றது. கருத்தரிக்கக்கூடியவள் என்பதே அவளது குறையாகின்றது. 'மணமானவரா, எப்பொழுது மணம்?' என்று நேர்முகத்தில் கேட்கப்படுவது இதனாலேயே. பெண்ணைக் காக்கவெழுந்த ஏற்பாடு பெண்ணையே வாயிலில் நிறுத்திவிடுகின்றது. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 103 ஆம் இலக்கச் சமவாயம் (1952) இதனை முன்னுணர்ந்து, இந்நன்மைகளின் செலவைத் தனித்தனித் தொழில்தருநர் மீது சுமத்தலாகாது என்று விதித்தது. இலங்கை 1993 இல் அச்சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. செலவு இருந்த தலையிலேயே இருந்தது. பிள்ளைப்பேறு நாளைய தொழிலாளரையும் நாளைய குடிகளையும் சமுதாயத்துக்கு வழங்குவது. அதன் செலவைச் சமுதாயம் முழுதும், ஆண்களை அமர்த்தியோரும் பெண்களை அமர்த்தியோரும் ஒருசேரப் பகிரும் காப்புறுதி நிதியாக அமைத்தலே முறை. மக்கட்பேற்றால் யாவரும் பயனடைய, அதன் செலவு மட்டும் பெண்களுக்கு வேலை கொடுக்கத் துணிந்தவரிடம் அறவிடப்படுவதில் அறமும் இல்லை, சிக்கனமும் இல்லை.

இனி மற்றொரு கடினமான பகுதிக்கு வருவோம். பெண்களுக்கெனத் தனியே வகுக்கப்பட்ட பாதுகாப்புகள் அவர்களை மதிக்கின்றனவா, தாழ்த்துகின்றனவா?

இதனை இரவு வேலையின் வரலாறு போலத் தெளிவாக்குவது பிறிதில்லை. பிரித்தானியாவில் 1844 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களைச் சிறுவரோடு சேர்த்துவைத்து அவர்களது வேலைநேரத்தைக் கட்டுப்படுத்தியது. பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் சமவாயம் 1906 இல் பேர்ண் நகரில் உருவாயிற்று. சர்வதேசத் தொழில் தாபனமும் தான் தோன்றிய 1919 ஆம் ஆண்டிலேயே அத்தகைய ஒன்றை நிறைவேற்றியது. இத்தடையின் பின்னால் உண்மையான துன்பம் இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயின் காரணமாகக் கூறப்பட்டது என்ன? அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். 1905 இல், நியூ யோர்க்கில் வெதுப்பகத் தொழிலாளரின் நாளொன்றுக்கான வேலையைப் பத்து மணி நேரமாக வரையறுத்த சட்டத்தை அம்மன்றம் தள்ளுபடி செய்தது. ஒப்பந்தஞ் செய்யும் சுதந்திரம் மனிதனுக்கு உண்டு என்றது. 1908 இல், ஒறிகனில் சலவைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு அதே பத்து மணி நேரத்தை விதித்த சட்டத்தை அதே மன்றம் ஏற்றது. பெண் உடலால் வேறுபட்டவள், காக்கப்பட வேண்டியவள் என்றது. அடுப்புச் சூட்டில் நின்ற ஆண் சுதந்திரம் பெற்றுக் களைத்தான். சலவைத் தொட்டியருகே நின்ற பெண் சுதந்திரம் இழந்து சற்று இளைப்பாறினாள். இருவருக்கும் வேண்டியது ஒன்றே என்று கூற அம்மன்றத்துக்கு அன்று இயலவில்லை.

நம் நாட்டில் இத்தடை நீங்கிய விதமும் சிந்தனைக்குரியது. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிற்று. இலங்கை 1982 இல் பெண்களின் இரவு வேலை குறித்த சமவாயத்திலிருந்து விலகியது. 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் 1984 இல் திருத்தப்பட்டு இரவு வேலை அனுமதிக்கப்பட்டது. பெண்களின் சமத்துவத்துக்காக எவரும் அன்று ஊர்வலம் சென்றதாக நான் அறியேன். ஏற்றுமதிக் கட்டளைகளுக்கு இரவிலும் பொறிகள் ஓடவேண்டியிருந்தன. இவ்வாறு, தவறான காரணத்தால் எழுந்த தடை வேறொரு தவறான காரணத்தால் நீங்கிற்று. எனினும் திருத்தச் சட்டம் விதித்த நிபந்தனைகள் நல்லவை: விருப்பத்துக்கு மாறாக எவளையும் இரவில் வேலை வாங்கலாகாது, தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், மாதத்திற் பத்து இரவுகளுக்கு மேற்படலாகாது, ஒன்றரை மடங்குக் கூலி தரவேண்டும், பெண் காப்பாளர், ஓய்வறை, சிற்றுண்டி ஆகியன இருக்கவேண்டும். இந்நிபந்தனைகளைப் படிக்குந்தோறும் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. இவற்றுள் ஆணுக்கு வேண்டாதது எது? விருப்பத்தைக் கேட்பது அவனுக்கு வேண்டாமா? பத்து இரவுகளுக்கு மேல் உறக்கமிழப்பின் அவனது உடல் கெடாதா? 1990 இல் சர்வதேசத் தொழில் தாபனம் இரவு வேலை செய்யும் இருபாலாருக்கும் பொதுவாக ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது; அடுத்த ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம், பெண்களுக்கு மட்டும் இரவு வேலையைத் தடை செய்தல் சமத்துவத்துக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. 'பெண்ணுக்குத் தீங்கானது' என்று நாம் எழுதிவைத்தவற்றுட் பல, மனிதருக்குத் தீங்கானவையே. பெண்ணின் பெயரால் முதலிற் கண்டுகொண்டோம் என்பது மட்டுமே வேறுபாடு.

இதன் மறுகோடியையும் குறிப்பிடல் வேண்டும். அமெரிக்காவில் மின்கலங்கள் செய்யும் ஜோன்சன் கொன்றோல்ஸ் என்ற நிறுவனம், ஈயம் கருவைக் கெடுக்கும் என்று கூறிக் கருத்தரிக்கக்கூடிய பெண்கள் அனைவரையும் அவ்வேலையிலிருந்து விலக்கியது. 1991 இல் உயர் நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. ஈயம் ஆணின் உடலையும் கெடுப்பதே. ஆயினும் காற்றைத் தூய்மையாக்குவதிலும் பெண்ணை அப்புறப்படுத்துவது செலவு குறைந்தது. இதற்கு முன்னர், 1978 அளவில், மேற்கு வேர்ஜீனியாவில் இத்தகைய விதியொன்றின் கீழ் வேலையை இழக்க அஞ்சிய ஐந்து பெண்கள் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டனர். 'பாதுகாப்பு' என்ற சொல்லின் கீழ் நிகழ்ந்தது இது.

நம் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்திலும் (1958, இலக்கம் 15) பெண்ணுக்கெனத் தனிச்சலுகை ஒன்று உண்டு. திருமணத்தின் காரணமாக வேலையை விட்டு விலகும் பெண் தன் சேமிப்பு முழுவதையும் பெற்றுக்கொள்ளலாம். ஆணுக்கு இவ்வாய்ப்பு இல்லை. என் மூத்த சகோதரி வலயத்துத் தொழிற்சாலையொன்றில் ஏழாண்டு வேலை செய்தார். மணம் நிச்சயமானதும் வீட்டார் அனைவரும் அந்நிதியைப் பற்றியே பேசினர். அவர் வேலையை விட்டார். பணம் வந்தது, மண்டபத்துக்கும் தங்கத்துக்கும் சென்றது. ஈராண்டின் பின் வேறொரு தொழிற்சாலையிற் புதிய ஊழியராக, அடிச்சம்பளத்தில் மீண்டும் தொடங்கினார். ஏழாண்டுச் சேவைக்கால மூப்பும் முதுமைக்கான சேமிப்பும் போயின. சட்டம் அவரை வற்புறுத்தவில்லை. ஒரு கதவைத் திறந்துவைத்தது, அவ்வளவே. ஆனால் அக்கதவு எத்திசையில் திறந்திருந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். பெண்ணின் உழைப்பு மணம்வரைக்குமான இடைக்கால ஏற்பாடு என்ற எண்ணம் அச்சலுகையின் உட்கிடை. பெண்ணுக்கு நன்மை செய்ய எண்ணியோர் அவளை யாரென்று எண்ணினர் என்பதை இத்தகைய சிறு விதிகளே நமக்குச் சொல்கின்றன.

இவற்றையெல்லாம் கண்டு, தனிப்பாதுகாப்புகள் யாவற்றையும் நீக்கிவிட்டு ஆணையும் பெண்ணையும் ஒரே விதியில் நிறுத்துவோம் எனச் சிலர் கூறுவர். சென்ற ஆண்டு நம் பீடத்தின் விவாத அரங்கிலும் இவ்வாதம் கைதட்டலைப் பெற்றது. நான் இதனை ஏற்கத் தயங்குகின்றேன். வேறுபாடுகள் இருவகைப்பட்டன. கருவுறுதல், பெறுதல், பாலூட்டுதல் ஆகியன உடலைச் சார்ந்தவை. இவற்றை ஒரே விதியில் அடக்குதல் பெண்ணை ஆணின் அளவுகோலால் அளத்தல் ஆகும். பிள்ளைக்கு ஓராண்டு ஆகும்வரை நாளில் இருமுறை பாலூட்டும் இடைவேளை அளிக்கும் நம் சட்டவிதியை எவ்வகைச் சமத்துவத்தின் பெயராலும் நீக்கலாகாது. மற்றையவை சமுதாயம் ஆக்கியவை: இரவுச் சாலையின் அச்சம், அடுக்களையின் சுமை, பிள்ளையைப் பார்ப்பவள் தாயே என்னும் வழக்கம். இவ்விரண்டாம் வகையில், ஏற்பாடு பெண் என்ற அடையாளத்தோடு அன்றி அந்நிலைமையோடு பிணைக்கப்படுதல் வேண்டும். பிள்ளைக்காம்பராவில் தந்தையும் பிள்ளையை விட்டுச்செல்லலாம் என்றிருப்பின் அது பெற்றோருக்கான ஏற்பாடு. தாய் மட்டுமே விடலாம் என்றிருப்பின் அது வீட்டுச் சுமையைத் தாயின் மீதே முத்திரையிடும் ஏற்பாடு. ஆயினும் இன்றிரவு பதினொரு மணிக்குக் கட்டுநாயக்கவில் வேலை முடிந்து விடுதியறைக்குத் திரும்புபவளிடம், சமுதாயம் திருந்தும்வரை பேருந்து தரமாட்டோம் என்று சொல்வது கோட்பாட்டாளருக்கு எளிது. பேருந்து வேண்டும். அது வேண்டாத சாலையும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதைக் கைவிடலாகாது.

ஏற்பாடு எத்தகையது என்பதை அறிய, அது எவ்வாறு பிடித்துவைக்கின்றது என்று பார்ப்பது நல்ல வழி. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் நூற்பாலைகள் பல 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தின. தங்குமிடம், உணவு, ஆண்டுகள் முடிந்ததும் திருமணச் செலவுக்கென ஒரு தொகை என எல்லாம் உண்டு. நலன்புரிப் பட்டியலாகப் படித்தாற் குறைகாண்பது அரிது. ஆனால் விடுதி வாயிலைக் கடக்க அனுமதி வேண்டும். காலம் முடியுமுன் விலகினால் அத்தொகை கைக்கு வராது போகலாம். தொகையாவது அவளது சொந்தக் கூலியில் நிறுத்திவைத்ததே. நம் ஆடைத் தொழிற்சாலைகளில் வழங்கப்படும் வரவுக் கொடுப்பனவும் இதன் சிறு உருவம் எனலாம். மாதத்தில் ஓரிரு நாள் லீவெடுத்தாற் குறைந்துபோகும் அல்லது இல்லாதொழியும் அப்பணத்துக்காகக் காய்ச்சலோடு பொறியின் முன் அமர்பவள், சட்டம் தந்த விடுமுறையைத் தானே விலைக்கு விற்றுவிடுகின்றாள். ஆக, ஓர் ஏற்பாட்டை மறுத்தால் வேலை போகுமா, விலகிச் சென்றால் உடன்வருமா, கிடைக்காதபோது யாரிடம் முறையிடலாம் என்ற வினாக்களை எழுப்பினால், ஆண்டறிக்கையின் வண்ணப்படங்கள் மறைக்கும் பலவும் வெளிப்படும்.

தொழிலாளர் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். 2011 மே மாதத்தில் வலயத்துத் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். காலையுணவோ ஓய்வறையோ வேண்டி அவர்கள் வரவில்லை. தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலம் என்ற பெயரில், நலன்புரி என்றே முன்வைக்கப்பட்ட ஓர் ஏற்பாடு, தம் சேமிப்பைத் தம்மைக் கேளாது எடுத்துக்கொள்கின்றது என்பதே அவர்களது குற்றச்சாட்டு. பொலிசார் சுட்டதில் இளம் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது. நன்மை என்று சொல்லித் தரப்பட்டதை அவர்கள் வேண்டாம் என்றனர். தமது என்று அறிந்ததை விட்டுக்கொடுக்க மறுத்தனர்.

மலையகத்தில் 1984 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது. போராடிப் பெற்ற வெற்றி அது. அதுவரை ஒரே தோட்டத்திற் பெண்ணின் நாள் மலிவாகவே இருந்தது. ஆனால் இன்றும் கவ்வாத்து வெட்டவும் புல்வெட்டவும் செல்லும் ஆண் கணக்கு வேலையை முடித்துக்கொண்டு நண்பகல் கழிந்ததும் வீடு திரும்பிவிடுகின்றான். கொழுந்து பறிப்பவள், பல தோட்டங்களில் ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோ என விதிக்கப்பட்ட அளவை நிறைக்க மாலை நிறுவை வரை மலையில் நிற்கின்றாள். மலசலகூடம் இல்லாத மலை அது. சமகூலி நேரத்தைச் சமமாக்கவில்லை. சம்பளநாளில் மனைவியின் கூலியையும் சேர்த்துக் கணவனே கையொப்பமிட்டு வாங்கிச்செல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதனை நிருவாகமும் தொழிற்சங்கமும் இயல்பெனவே கொண்டன.

கம்பனியிடமும் அரசிடமும் கேட்கவேண்டிய கணக்கைப் பற்றியே இதுவரை பேசினேன். மாலை ஐந்தரைக்குக் கூடையை இறக்கிய பின் அம்மா விறகு கொண்டுவந்து, பீலியில் வரிசை நின்று நீர் பிடித்து, அடுப்பு மூட்டுவார். அப்பா இரண்டு மணிக்கே வந்து குளித்திருப்பார். பிள்ளைக்காம்பராவிலிருந்து எங்களை அழைத்துவர அவர் ஒருநாளும் சென்றதில்லை. அங்கே அவரை எவரும் எதிர்பார்த்ததுமில்லை.